எந்தச் சங்கத்தோடு நின்றார்கள்? நீசேயா முதல் கால்செதோன் வரை ஒரு விளக்கம்

2025-இல் நீசேயா சங்கம் கூடி 1700 ஆண்டுகள் நிறைந்தன. அதற்காக நவம்பர் 28 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோவும் கான்ஸ்டாண்டிநோபிள் பிதாப்பிதா (கீழைச் சபையின் தலைமை ஆயர்) பர்த்தலோமேயுவும் துருக்கியின் இஸ்னிக் ஏரிக்கரையில் பிற சபைத் தலைவர்களோடு சேர்ந்து நம்பிக்கை அறிக்கையைச் சொன்னார்கள். இஸ்னிக்தான் பழைய நீசேயா. செய்தி வந்த கையோடு பழைய கேள்விகளும் வாட்ஸப்பில் கிளம்பின. இயேசுவைக் கடவுளாக்கியது ஒரு ரோமப் பேரரசராமே? பைபிளில் எந்த நூல் இருக்கலாம் என்று அங்கேதான் முடிவு செய்தார்களாமே? கடவுள் யார் என்பதற்குக்கூடவா ஓட்டெடுப்பு?

ஆயர்கள் (பிஷப்புகள்) கூடிக் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே எந்தக் கோட்பாடும் நிலைபெற்றுவிடவில்லை. கையெழுத்துக்குப் பிறகு சபைகள் அதை ஏற்றனவா, எத்தனை காலம் கழித்து ஏற்றன என்பதுதான் ஒரு கூட்டத்தைப் பொதுச்சங்கமாகவோ மறக்கப்பட்ட கூட்டமாகவோ ஆக்கியது. இதை விட்டுவிட்டு வெறும் தேதிகளைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

## முதலில் நான்கு சொற்கள்

1. சங்கம்: ஆயர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கும் கூட்டம். ஒரு வட்டாரத்து ஆயர்கள் மட்டும் கூடினால் வட்டாரச் சங்கம். உலகத் திருச்சபை முழுவதற்கும் பொருந்தும் என்று பின்னால் ஏற்கப்பட்டால் பொதுச்சங்கம். 'பின்னால்' என்ற சொல் முக்கியம்.

2. நம்பிக்கை அறிக்கை: சீர்திருத்த சபைகளில் விசுவாசப் பிரமாணம் என்பார்கள். திருமுழுக்குப் பெறுகிறவர் சொல்லவேண்டிய சுருக்கமாகத்தான் தொடங்கியது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வாசகம் இருந்தது.

3. தப்பறை: சபை தவறு என்று ஒதுக்கிய போதனை. இதைச் சொன்னவர்கள் தங்களைத் தப்பறைக்காரர்கள் என்று நினைத்ததே இல்லை. வேதத்தைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் எல்லாத் தரப்பும் நம்பியது.

4. ஒழுங்குவிதி: கோட்பாடு வேறு, நிர்வாக விதி வேறு. சங்கங்கள் இரண்டையும் வெளியிட்டன. நீசேயா 20 ஒழுங்குவிதிகளை இயற்றியது. குருக்கள் வட்டிக்குக் கடன் கொடுக்கக் கூடாது, ஆயர் ஊர் விட்டு ஊர் மாறக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை முழந்தாளிடாமல் நின்றே செபிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. கடைசி விதி மேற்கில் எந்த அளவுக்குப் பின்பற்றப்படுகிறது என்பதை நம் ஊர் ஞாயிறு திருப்பலியைப் பார்த்தவர்களே சொல்லிவிடுவார்கள்.

## சிக்கலின் வேர்

கடவுள் ஒருவரே என்பது யூத மரபிலிருந்து கிறிஸ்தவம் எடுத்துக்கொண்ட அடித்தளம். அதே சமயம் தொடக்கம் முதலே கிறிஸ்தவர்கள் இயேசுவை வழிபட்டார்கள். 112-ஐ ஒட்டி ரோம ஆளுநர் பிளினி பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாக எண்ணிப் பாட்டுப் பாடுகிறார்கள் என்கிறார். நீசேயாவுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய, கிறிஸ்தவர் அல்லாத ஒரு அதிகாரியின் சாட்சியம் இது. 'பேரரசர்தான் இயேசுவைக் கடவுளாக்கினார்' என்ற கதை இங்கேயே அடிபட்டுப் போகிறது.

ஆனால் வழிபடுவது ஒன்று, அதை விளக்குவது இன்னொன்று. "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்" என்று யோவான் 10:30 சொல்கிறது. "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்று அதே யோவான் 14:28 சொல்கிறது. மூன்றாம் நூற்றாண்டு வரை ஆளுக்கொரு விளக்கம் ஓடிக்கொண்டிருந்தது. துன்புறுத்தல் காலத்தில் உயிர் பிழைப்பதே பெரும்பாடு. எல்லா ஆயர்களும் ஓரிடத்தில் கூடிப் பேச வழியே இல்லை. கிறிஸ்தவத்துக்கு அரசு அனுமதி கிடைத்த 313-க்குப் பிறகு அந்தத் தடை நீங்கியது.

## அலெக்சாந்திரியாவில் மூண்ட தகராறு

எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற குரு இருந்தார். நல்ல பேச்சாளர், துறவி போன்ற வாழ்க்கை, மக்களிடம் செல்வாக்கு. 318-ஐ ஒட்டி அவருக்கும் ஆயர் அலெக்சாந்தருக்கும் மோதல் வந்தது. ஆரியுஸ் வாதம் இப்படிப் போகும்:

1. தந்தைக்குத் தொடக்கம் கிடையாது. தொடக்கமில்லாதவர் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

2. மகன் என்றால் தந்தையிடமிருந்து வந்தவர். வந்தவருக்குத் தொடக்கம் உண்டு.

3. ஆகவே மகன் இல்லாத ஒரு நிலை இருந்தது. அவர் படைப்புகளிலெல்லாம் முதலும் மேலானவருமான படைப்பு. உலகமே அவர் வழியாகத்தான் உண்டானது. என்றாலும் அவரும் படைப்புதான்.

கேட்டால் நியாயமாகத்தான் தெரியும். ஆரியுஸ் இயேசுவை வெறும் மனிதர் என்று சொன்னதாகப் பலர் நினைக்கிறார்கள், அது தவறு. அவர் இயேசுவைத் தெய்வீகமானவராகவே பார்த்தார், ஆனால் இரண்டாம் நிலையில். அலெக்சாந்தர் தரப்பின் பதில் வேறு திசையிலிருந்து வந்தது. மகன் படைப்பு என்றால் நாம் ஒரு படைப்பை வணங்கிக்கொண்டிருக்கிறோம், அது சிலைவழிபாட்டிலிருந்து எப்படி வேறுபடும்? மேலும் மனிதரைக் கடவுளோடு சேர்த்து வைப்பவர் தாமே கடவுளாக இல்லாவிட்டால், அந்த மீட்புக்கு என்ன உறுதி? ஆரியுஸ் தர்க்கத்திலிருந்து தொடங்கினார், இவர்கள் வழிபாட்டிலிருந்தும் மீட்பிலிருந்தும் தொடங்கினார்கள். பின்னால் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எல்லாச் சண்டையிலும் இதே இரண்டு போக்குகள் வேறு வேறு பெயரில் வருகின்றன.

(ஆரியுஸ் கொள்கையைச் சில தமிழ் நூல்களில் 'ஆரியம்' என்று பார்த்துத் திகைக்க வேண்டாம். நம் அரசியல் மேடைகளில் அடிபடும் ஆரியத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.)

## 325: பேரரசர் கூட்டிய கூட்டம்

324-இல் லிசினியுஸை வென்று பேரரசு முழுவதையும் கான்ஸ்டன்டைன் கைக்குள் கொண்டுவந்தார். நாட்டை ஒன்றாக்கிய கையோடு பார்த்தால் சபை இரண்டாகக் கிடக்கிறது. கொர்தோபா ஆயர் ஹோசியுஸிடம் அலெக்சாந்தருக்கும் ஆரியுஸுக்கும் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். இவ்வளவு அற்பமான விஷயத்துக்கா சண்டை, சமாதானமாகப் போங்கள் என்பதுதான் அதன் சாரம். பேரரசருக்குக் கோட்பாட்டைவிட அமைதிதான் முக்கியம் என்பது அந்தக் கடிதத்திலேயே தெரிகிறது. சமாதானம் நடக்கவில்லை. அப்புறம்தான் சங்கம்.

அரசின் தபால் வண்டிகளிலேயே ஆயர்கள் நீசேயாவுக்கு வந்தார்கள். வந்தவர்கள் 318 பேர் என்பது மரபு. நேரில் இருந்த செசரியா ஆயர் எவுசேபியுஸ் 250-க்கு மேல் என்கிறார். பெரும்பாலோர் கிழக்கத்தியர்கள். ரோம ஆயர் சில்வெஸ்தர் வரவில்லை, இரண்டு குருக்களை அனுப்பினார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை இதே அரசிடம் சித்திரவதை அனுபவித்தவர்கள் சிலர் அந்த மண்டபத்தில் இருந்தார்கள். இப்போது ஊதா அங்கியில் பேரரசர் உள்ளே வந்து, ஆயர்கள் சைகை காட்டிய பிறகே தம் பொன்னாசனத்தில் உட்கார்ந்தாராம்.

விவாதம் எப்படி நடந்தது என்பதற்கு, அங்கே திருத்தொண்டராக (டீக்கனாக) வந்திருந்த அத்தனாசியுஸ் பின்னாளில் எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. அவர் ஒரு தரப்பு ஆள்தான். ஆனாலும் விவரம் ருசிகரமானது. முதலில் வேதத்தில் உள்ள சொற்களாலேயே எழுதிவிடப் பார்த்தார்களாம். 'மகன் கடவுளிடமிருந்து வந்தவர்' என்று எழுதலாமா? ஆரியுஸ் ஆதரவாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். எல்லாமே கடவுளிடமிருந்துதானே வருகின்றன, நமக்கென்ன நஷ்டம்! 'கடவுளின் சாயல்' என்று எழுதலாமா? மனிதனும்தான் கடவுளின் சாயல். 'கடவுளின் வல்லமை' என்றால்? யோவேல் நூலின் கிரேக்கப் பெயர்ப்பில் வெட்டுக்கிளிக் கூட்டத்தையே கடவுளின் பெரிய வல்லமை என்று சொல்லியிருக்கிறதே! இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் கிசுகிசுத்துக் கண்ஜாடை காட்டிக்கொண்டார்கள் என்கிறார் அத்தனாசியுஸ்.

அவர்களால் எந்த வகையிலும் வளைக்க முடியாத ஒரு சொல் தேவைப்பட்டது. அப்படித்தான் 'ஹோமோஊசியோஸ்' உள்ளே வந்தது. தமிழ்த் திருப்பலியில் "தந்தையோடு ஒரே பொருளானவர்" என்று வருகிறதே, அந்த இடம்தான் இது. ஆரியுஸின் நண்பரான நிக்கோமேதியா ஆயர் எவுசேபியுஸ் இந்தச் சொல்லை ஏற்கவே முடியாது என்று ஏற்கெனவே ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார் என்றும், எதிரி அஞ்சிய சொல்லையே சங்கம் கையில் எடுத்தது என்றும் மிலான் ஆயர் அம்புரோஸ் பின்னர் எழுதினார்.

சொல் கூர்மையானதுதான், ஆனால் அதற்கு மூன்று பலவீனங்கள் இருந்தன:

1. வேதத்தில் எங்கும் இல்லாத சொல். நம்பிக்கை அறிக்கையில் வேதத்துக்கு வெளியே உள்ள சொல்லா என்று நேர்மையான ஆயர்களே தயங்கினார்கள்.

2. கடவுள் ஏதோ பிய்த்துப் பங்கிடக்கூடிய ஒரு பொருள் என்ற எண்ணத்தைத் தரும்.

3. தந்தையும் மகனும் ஒரே ஆள், வேடம்தான் இரண்டு என்று சொல்கிறவர்களுக்கும் இது வசதியாகப் போய்விடும்.

செசரியா எவுசேபியுஸ் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தம் ஊர்ச் சபைக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். இந்தச் சொல்லை நான் எந்தப் பொருளில் ஏற்றேன் தெரியுமா என்று விளக்கும் கடிதம். உறுதியாக நம்புகிறவர் அப்படியொரு விளக்கக் கடிதம் எழுத மாட்டார். கடைசிவரை மறுத்து ஆரியுஸோடு நாடுகடத்தப்பட்ட ஆயர்கள் இருவர்தான்: செக்குந்துஸ், தியோனாஸ். மற்றவர்களின் கையெழுத்தில் எவ்வளவு நம்பிக்கை, எவ்வளவு பேரரசர் பயம் என்பது அடுத்த பத்தாண்டுகளில் வெளுத்துவிட்டது.

## நீசேயாவில் நடக்காதவை

1. பைபிள் நூல்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒழுங்குவிதிகளில் அதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. இன்றுள்ள புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் அப்படியே பட்டியலிடும் முதல் ஆவணம் 367-இல் அத்தனாசியுஸ் எழுதிய பாஸ்கா (ஈஸ்டர்) சுற்றறிக்கை. எல்லா நூல்களையும் பீடத்தடியில் வைத்துச் செபிக்க, உண்மையானவை மட்டும் மேலே ஏறி நின்றன என்பது பல நூற்றாண்டுகள் கழித்து எழுந்த கட்டுக்கதை.

2. கிறிஸ்தவத்தை அரச மதமாக்கவில்லை. அது 380 பிப்ரவரி 27 அன்று தியோடோசியுஸ் தெசலோனிக்காவில் பிறப்பித்த ஆணை. கான்ஸ்டன்டைன் 337-இல் மரணப்படுக்கையில்தான் திருமுழுக்கே பெற்றார். கொடுத்தவர் யார் தெரியுமா? ஆரியுஸின் நண்பரான அதே நிக்கோமேதியா எவுசேபியுஸ்.

3. இன்று நாம் சொல்லும் முழு அறிக்கையை எழுதவில்லை. நீசேயா வாசகம் "தூய ஆவியையும் நம்புகிறோம்" என்பதோடு நின்று, அதன்பின் ஆரியுஸ் கூற்றுகளைச் சொல்வோருக்குச் சாபம் கூறி முடிகிறது. ஆவியைப் பற்றிய விரிவான பகுதி 381-ஐச் சேர்ந்தது.

4. பாஸ்கா தேதிக்கான கணக்கை விதியாக எழுதி வைக்கவில்லை. எல்லாரும் ஒரே நாளில், யூத நாட்காட்டியைச் சாராமல் கொண்டாட வேண்டும் என்றுதான் முடிவு செய்தது. 1582-இல் மேற்கு கிரகோரியன் நாட்காட்டிக்கு மாறியபின் இரண்டு தேதிகள் வந்துவிட்டன. 2025-இல் ஏப்ரல் 20 இரு தரப்புக்கும் பொதுவாக அமைந்தது தற்செயல். 2026-இல் மேற்கில் ஏப்ரல் 5, கிழக்கில் ஏப்ரல் 12.

புனித நிக்கொலாஸ் ஆரியுஸின் கன்னத்தில் அறைந்தார் என்ற கிறிஸ்துமஸ் காலத்து மீம்ஸ் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பிற்காலக் கதை.

## கையெழுத்துக்குப் பிறகு 56 ஆண்டுகள்

328-இல் அத்தனாசியுஸ் அலெக்சாந்திரியா ஆயரானார். 335-இல் தீர் நகரச் சங்கத்தில் அவர்மேல் ஒரு கொலைக் குற்றச்சாட்டு: அர்செனியுஸ் என்ற ஆயரைக் கொன்று, மாந்திரீகத்துக்காகக் கையை வெட்டி எடுத்தாராம். வெட்டிய கை என்று ஒன்றைப் பெட்டியில் வைத்துக் காட்டினார்கள். திருச்சபை வரலாற்றாசிரியர் சோக்ரட்டீஸ் (தத்துவஞானி அல்லர்) சொல்வதன்படி, ஒளிந்திருந்த அர்செனியுஸை அத்தனாசியுஸின் ஆட்கள் கண்டுபிடித்துப் போர்வையோடு கூட்டிவந்தார்கள். அத்தனாசியுஸ் போர்வையை விலக்கி ஒரு கையைக் காட்டினார். சற்று நிறுத்தி மறு கையையும் காட்டினார். மூன்றாவது கையை எந்த இடத்திலிருந்து வெட்டினேன் என்று இவர்கள் சொல்லட்டும் என்றாராம். அப்படியும் பதவி போயிற்று. நான்கு பேரரசர்கள், ஐந்து நாடுகடத்தல், தம் 45 ஆண்டு ஆயர் வாழ்வில் ஏறக்குறைய 17 ஆண்டுகள் வெளியூரிலும் பாலைவனத்திலும் கழிந்தன.

கான்ஸ்டன்டைனின் மகன் இரண்டாம் கான்ஸ்டன்சியுஸ் நீசேயாவுக்கு எதிர்த்தரப்பு. 359-இல் மேற்கு ஆயர்களை இத்தாலியின் ரிமினியில் கூட்டினார். 400-க்கு மேற்பட்டவர்கள், அதாவது நீசேயாவைவிடப் பெரிய கூட்டம். நீசேயாவைக் கைவிடும் மங்கலான வாசகம் ஒன்றை வைத்து, கையெழுத்துப் போடும்வரை ஊருக்குப் போக விடவில்லை. குளிர்காலம் நெருங்க, போட்டார்கள். உலகமே தான் ஆரியுஸ் பக்கம் போய்விட்டதைப் பார்த்து வியந்து முனகியது என்று ஜெரோம் எழுதியது இதைத்தான்.

தலைகளை எண்ணிக் கோட்பாடு முடிவாகும் என்றால் இன்று உலகம் ரிமினி அறிக்கையைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் ஊர் திரும்பிய ஆயர்களே ஒவ்வொருவராகக் கையெழுத்தைத் திரும்பப் பெற்றார்கள். ரிமினியைப் பொதுச்சங்கங்களின் பட்டியலில் இன்று யாரும் வைப்பதில்லை.

இந்த 56 ஆண்டுகளில் நடந்த உண்மையான வேலை வேறு இடத்தில் நடந்தது. செசரியா பசிலியார், நீசா கிரகோரியார், நாசியான்சு கிரகோரியார் ஆகிய கப்பதோக்கியா ஆயர்கள் ஒரு தெளிவைக் கொண்டுவந்தார்கள். கடவுளின் உள்ளியல்பு ஒன்று, ஆள்கள் மூவர். அதுவரை இரண்டையும் குறிக்க ஒரே கிரேக்கச் சொற்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதால், ஒரே கருத்துள்ளவர்களே ஒருவரையொருவர் தப்பறைக்காரர் என்று ஏசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்ற பெரும்பான்மை ஆயர்களின் பயம் இதனால் விலகியது.

சாதாரண மக்கள் இதில் எவ்வளவு ஈடுபட்டார்கள் என்பதற்கு நீசா கிரகோரியாரின் சலிப்பே சாட்சி. கான்ஸ்டாண்டிநோபிளில் சில்லறை கேட்டால் பிறந்தவர், பிறவாதவர் என்று பிரசங்கம் வருகிறது. ரொட்டி என்ன விலை என்றால் தந்தை பெரியவர், மகன் சிறியவர் என்கிறான். குளிக்க வெந்நீர் தயாரா என்றால் மகன் ஒன்றுமில்லாமையிலிருந்து உண்டானவர் என்கிறான் என்று அலுத்துக்கொள்கிறார். நம் ஊர் டீக்கடை அரசியலைக் கேட்டவர்களுக்கு இது புரியும்.

381-இல் தியோடோசியுஸ் கூட்டிய கான்ஸ்டாண்டிநோபிள் சங்கத்தில் 150 ஆயர்கள். எல்லாரும் கிழக்கத்தியர்கள், ரோமிலிருந்து பிரதிநிதிகூட இல்லை. தலைமை ஏற்ற நாசியான்சு கிரகோரியார் கோஷ்டிப் பூசல் தாங்காமல் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஊருக்குப் போனார். அவர் இடத்துக்கு நெக்தாரியுஸ் என்ற அரசு அதிகாரியைப் பிடித்தார்கள். அவர் அதுவரை திருமுழுக்கே பெறவில்லை. இவ்வளவு களேபரத்துக்கும் நடுவில் தூய ஆவியை "ஆண்டவரும் உயிர் அளிப்பவருமானவர்" என்று சொல்லும் அறிக்கை உருவானது. எழுபது ஆண்டுகள் கழித்துக் கால்செதோனில் அதை உரக்க வாசித்து ஏற்ற பிறகுதான் இந்தக் கூட்டத்துக்கும் பொதுச்சங்கத் தகுதி உறுதியானது.

## அடுத்த கேள்வி: மரியாவை எப்படி அழைப்பது?

மகன் முழுமையான கடவுள் என்று முடிவாயிற்று. அப்படியானால் பசித்தவர், அழுதவர், சிலுவையில் இறந்தவர் யார்? ஒரு பதில் அடுத்த கேள்வியைப் பெற்றெடுத்தது.

428-இல் கான்ஸ்டாண்டிநோபிள் ஆயரான நெஸ்தோரியுஸ், மரியாவை 'தெயோதோகோஸ்', அதாவது கடவுளைப் பெற்றவர் என்று மக்கள் அழைப்பதைக் கண்டித்தார். கடவுளுக்குத் தாய் ஏது? 'கிறிஸ்துவைப் பெற்றவர்' என்று சொல்லுங்கள் என்றார். கடவுள் தன்மையையும் மனிதத் தன்மையையும் கலக்கக் கூடாது என்பது அவர் கவலை. அலெக்சாந்திரியா சிரில் பாய்ந்தார். பிறந்தவர் ஒருவர், அவர் கடவுளின் மகன், எனவே அவர் தாய் கடவுளின் தாய்தான், இல்லையென்றால் கிறிஸ்துவை இரண்டு ஆளாகப் பிளக்கிறீர்கள் என்பது அவர் வாதம். கோட்பாட்டோடு, தலைநகர ஆயருக்கும் அலெக்சாந்திரியா ஆயருக்கும் இருந்த செல்வாக்குப் போட்டியும் கலந்திருந்தது. ரோமுக்கு அடுத்த இடம் புதிய ரோமான கான்ஸ்டாண்டிநோபிளுக்கு என்று 381-இல் போட்ட ஒழுங்குவிதியை அலெக்சாந்திரியா மன்னிக்கவே இல்லை.

431-இல் எபேசுவில் சங்கம். அந்தியோக்கியா யோவானும் அவர் தரப்பு ஆயர்களும் வந்து சேருமுன்பே ஜூன் 22 அன்று சிரில் கூட்டத்தைத் தொடங்கி, அன்றைக்கே நெஸ்தோரியுஸைப் பதவிநீக்கம் செய்துவிட்டார். காலையிலிருந்து காத்திருந்த ஊர்மக்கள் தீவட்டி ஏந்தி, பெண்கள் தூபக்கலசத்தோடு முன்னே நடக்க, ஆயர்களை விடுதிவரை அழைத்துப் போனதாகச் சிரிலே தம் மக்களுக்கு எழுதினார். நான்கு நாளில் யோவான் வந்து போட்டிக் கூட்டம் நடத்திச் சிரிலைப் பதவிநீக்கம் செய்தார். பேரரசர் இரண்டையும் ஏற்று இருவரையும் காவலில் வைத்தார்! பின்னர் அரண்மனை அதிகாரிகளுக்குச் சிரில் தரப்பு அனுப்பிய பொன், கம்பளம், தந்த நாற்காலி ஆகியவற்றின் பட்டியல் இன்றும் இருக்கிறது. நெஸ்தோரியுஸ் நாடுகடத்தப்பட்டு எகிப்தில் மறைந்தார்.

இவ்வளவு அசிங்கத்தையும் மறைப்பதில் பயனில்லை. ஆனால் லஞ்சத்தால்தான் இந்தக் கோட்பாடு வென்றது என்பதும் சரியல்ல. எபேசு மக்கள் தீவட்டி பிடித்ததற்கு யாரும் காசு கொடுத்திருக்கத் தேவையில்லை. அந்தப் பட்டம் ஏற்கெனவே அவர்கள் செபத்தில் இருந்தது. 433-இல் யோவானும் சிரிலும் விட்டுக்கொடுத்து ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். இன்று செபமாலையில் "இறைவனின் தாயே" என்று சொல்லும்போது வருவது எபேசு உறுதிசெய்த அந்தப் பட்டம்தான்.

## 451: கால்செதோன்

சிரிலுக்குப் பின் அவர் வாதத்தை எல்லை மீறி இழுத்தவர் யூட்டிக்கஸ் என்ற வயதான துறவி. கிறிஸ்துவின் மனிதத் தன்மை கடவுள் தன்மைக்குள் கரைந்துவிட்டது போலப் பேசினார். 449-இல் எபேசுவில் மீண்டும் ஒரு சங்கம் கூடி, அலெக்சாந்திரியா தியோஸ்கோருஸ் தலைமையில் அவரை விடுவித்தது. அவரைக் கண்டித்த கான்ஸ்டாண்டிநோபிள் ஆயர் பிளாவியன் தாக்கப்பட்டார். சில காலத்தில் இறந்தார். ரோம ஆயர் முதலாம் லியோ அந்தக் கூட்டத்துக்கு வைத்த பெயர்: கொள்ளைக்கூட்டம். 450-இல் பேரரசர் இரண்டாம் தியோடோசியுஸ் குதிரையிலிருந்து விழுந்து இறந்ததும் காட்சி மாறியது. புதிய பேரரசர் மார்சியனும் அரசி புல்கேரியாவும் கால்செதோனில் சங்கத்தைக் கூட்டினார்கள். ஏறக்குறைய 500 ஆயர்கள் வந்தார்கள்.

புதிதாக எதையும் எழுத வேண்டாம், நீசேயா போதும் என்றுதான் ஆயர்கள் சொன்னார்கள். அரசு அதிகாரிகள் விடவில்லை. கடைசியில் வந்த வரையறை இது: கிறிஸ்து ஒரே ஆள், 'இரு இயல்புகளில்' அறியப்படுகிறவர், அந்த இயல்புகள் கலப்பின்றி, மாற்றமின்றி, பிரிவின்றி, பிளவின்றி இணைந்துள்ளன. கவனித்தால், நான்குமே எதிர்மறைச் சொற்கள். எப்படி இணைந்தன என்று கால்செதோன் விளக்கவே இல்லை. எப்படியெல்லாம் சொல்லக் கூடாது என்று மட்டும் வேலி போட்டது. என் பார்வையில் நான்கு சங்கங்களிலும் மிக நிதானமான வாசகம் இதுதான். பிளவை மிக அதிகமாக உண்டாக்கியதும் இதுதான்.

ஏனென்றால் எகிப்துக்கும் சிரியாவுக்கும் 'இரு இயல்புகளில்' என்பது நெஸ்தோரியுஸ் வாடை அடித்தது. சிரில் சொன்னபடி, மனிதரான வார்த்தையின் ஒன்றிணைந்த ஒரே இயல்பு என்பதையே அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். யூட்டிக்கஸை இவர்களும் நிராகரித்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. இரு இயல்புகளை வலியுறுத்தி லியோ எழுதியிருந்த மடலுக்குக் கையெழுத்துப் போடச் சொன்னபோது எகிப்திய ஆயர்கள் சிலர் தரையில் விழுந்து மன்றாடினார்கள்: எங்கள் பேராயர் இல்லாமல் கையெழுத்துப் போட்டால் ஊரில் எங்களைக் கொன்றுவிடுவார்கள். அது வெறும் நடிப்பல்ல. கால்செதோனை ஏற்றவராக அலெக்சாந்திரியாவில் அமர்த்தப்பட்ட ஆயர் புரோத்தேரியுஸை 457-இல் கூட்டம் அடித்துக் கொன்றது.

## இன்றைய சபைகளை இதை வைத்து அறிவது

கீழே உள்ளதைப் படித்தால் செய்திகளில் வரும் பெயர்கள் ஓரளவு பிடிபடும்.

1. இரண்டு சங்கங்களோடு நின்றவர்கள்: கீழை அசீரிய சபை. இவர்கள் ரோமுக்குப் பகையான பாரசீகப் பேரரசில் வாழ்ந்தவர்கள். எபேசுவுக்குப் போகவும் இல்லை, அதை ஏற்கவும் இல்லை. 'நெஸ்தோரியர்' என்று அழைப்பது வழக்கமானாலும் நெஸ்தோரியுஸ் இந்தச் சபையை நிறுவியவர் அல்லர்.

2. மூன்றோடு நின்றவர்கள்: எகிப்தின் காப்டிக், சிரியாக், ஆர்மேனிய, எத்தியோப்பிய மரபுவழிச் (ஆர்த்தடாக்ஸ்) சபைகள். கால்செதோனை ஏற்காதவர்கள்.

3. ஏழை ஏற்பவர்கள்: கிரேக்க, ரஷ்ய மரபுவழிச் சபைகள். 553, 680-81, 787 ஆண்டுச் சங்கங்கள் கால்செதோனின் தொடர்ச்சிதான். கடைசிச் சங்கம் திருவுருவங்களை வணங்குவது பற்றியது.

4. அதன் பிறகும் சங்கங்களை எண்ணுவது கத்தோலிக்கம். சீர்திருத்த சபைகள் பெரும்பாலும் முதல் நான்கின் கோட்பாட்டை ஏற்கும், ஆனால் வேதத்துக்கு உட்பட்டுத்தான்.

கிழக்கும் மேற்கும் 1054-இல் பிரிந்ததற்கு ஒரு காரணமும் இந்த அறிக்கையில்தான் இருக்கிறது. ஆவி "தந்தையிடமிருந்து" புறப்படுகிறார் என்ற 381-இன் வாசகத்தோடு "மகனிடமிருந்தும்" என்று மேற்கு சேர்த்தது. ரோம் 1014-இல் தன் திருப்பலியில் அதை ஏற்றது. எங்களைக் கேட்காமல் பொது அறிக்கையில் எப்படிக் கை வைக்கலாம் என்பது கிழக்கின் கோபம். இஸ்னிக்கில் திருத்தந்தை அந்தச் சேர்க்கை இல்லாத வாசகத்தைச் சொன்னது ஏன் செய்தியானது என்பது இப்போது புரியும்.

431, 451 ஆகிய ஆண்டுகளின் காயங்கள் ஓரளவு ஆறியிருக்கின்றன. 1973-இல் திருத்தந்தை ஆறாம் பவுலும் காப்டிக் தலைவர் மூன்றாம் ஷெனூதாவும், 1984-இல் இரண்டாம் யோவான் பவுலும் சிரியாக் பிதாப்பிதா முதலாம் சக்காவும், 1994-இல் அதே யோவான் பவுலும் அசீரியத் தலைவர் நான்காம் தின்காவும் வெளியிட்ட கூட்டறிக்கைகள், நம்பிக்கை ஒன்றே, சொல்லும் முறைதான் வேறு என்ற திசையில் பேசின. அதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் பிடித்தன.

## கேரளம் வரை வந்த கதை

சென்னைப் பரங்கிமலைக் கோயிலில் பகலவி (பழைய பாரசீக) எழுத்துப் பொறித்த கற்சிலுவை ஒன்று இருக்கிறது, 1547-இல் கிடைத்தது. தென்னிந்தியக் கிறிஸ்தவர்களுக்கு அந்தக் காலத்தில் பாரசீகச் சபையோடு தொடர்பு இருந்ததற்கு அது அடையாளம். மலபாரின் தோமா கிறிஸ்தவர்களுக்கு ஆயர்கள் அங்கிருந்துதான் வந்தார்கள். அதாவது மேலே சொன்ன முதல் வகை. போர்ச்சுகீசியர் வந்ததும் எபேசுச் சண்டை மலபாருக்கும் வந்தது. 1599-இல் பேராயர் மெனேசெஸ் கூட்டிய உதயம்பேரூர் சங்கம் நெஸ்தோரியுஸைச் சபிக்கச் சொன்னது, சிரியாக் நூல்களைத் திருத்தவும் எரிக்கவும் ஆணையிட்டது. பொறுக்க முடியாமல் 1653-இல் போர்ச்சுகீசியரின் சபை அதிகாரத்துக்கு எதிராக எடுத்ததுதான் கூனன் குரிசு சத்தியம். ரோமோடு நின்றவர்கள் இன்றைய சீரோ மலபார் சபை. விலகியவர்களுக்கு 1665-இல் உதவிக்கு வந்தவர் அந்தியோக்கியாவின் சிரியாக் சபை ஆயர் மார் கிரகோரியோஸ். அவர் இரண்டாவது வகை. எபேசுவை ஏற்காத மரபில் இருந்தவர்கள், எபேசுவை ஏற்று கால்செதோனை மறுக்கும் மரபுக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தார்கள். பழைய கீழைச் சபைத் தொடர்புள்ள சிறு சபையொன்று கல்தேய சிரியன் சபை என்ற பெயரில் திருச்சூரில் உள்ளது.

ஆகவே அப்படி விலகியவர்களின் வழிவந்த ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய தரப்புகளின் தகராறு செய்தியில் வரும்போது அதை நீசேயாவோடோ கால்செதோனோடோ முடிச்சுப் போட வேண்டாம். இரு தரப்புக்கும் அதே மூன்று சங்கங்கள், அதே அறிக்கை, அதே சிரியாக் வழிபாடு. சண்டை, அந்தியோக்கியா பிதாப்பிதாவுக்கு இங்கே எவ்வளவு அதிகாரம், பங்குகளை யார் நிர்வகிப்பது என்பதைப் பற்றியது. 2017 ஜூலை 3 அன்று உச்ச நீதிமன்றம் 1934-ஆம் ஆண்டு மலங்கரை சபைச் சட்டமே 1064 கோயில்களுக்கும் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இறந்தவர்களைக் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்வதிலும் தகராறு வர, 2020-இல் கேரள அரசு அதற்கென்றே தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.